செம்பனைக் காட்டுக்குள் ஒளி வரும் வழி

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் ஊரில், கடைத்தெருவைத் தாண்டித் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில், ஒருவர் மின்கம்பத்தில் குடையைக் கட்டி, அதன் நிழலில் மடக்கு மேசை போட்டு அமர்ந்து, வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் ஒளியிழைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மேலுறையை உரித்து, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, சிறிய வெட்டுக்கருவியில் ஒரே சொடுக்கில் முறித்து, இரு முனைகளையும் எதிரெதிரே வைத்து மூடியதும், கருவிக்குள் எழுந்த மின்பொறி கண்ணாடியை உருக்கி இணைத்துவிட்டது. முறித்தெடுத்த துணுக்குகளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக மூடினார். தோலில் ஏறினால் முள்ளைவிடக் கொடியது, தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது என்றார்.

அந்தக் கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி செல்லும் நடுப்பகுதியோ ஏறத்தாழ 9 மைக்ரான்தான். நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள கண்ணாடியுடையதைவிடச் சற்றே கூடுதல் என்பதால், உள்ளே புகுந்த ஒளி வெளியேற வழியின்றி இழையோடே போய்ச் சேருகிறது. கண்ணாடி வழியாக நெடுந்தூரம் ஒளியை அனுப்ப முடியாது என்று பலரும் கைவிட்டிருந்த காலத்தில், குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் மாசுகளில்தான் என்று 1966-இல் எடுத்துக்காட்டியவர் சார்லஸ் காவ். ஒரு கிலோமீட்டருக்குப் பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும் என்பது அவருடைய கணக்கு. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பதே 5 முதல் 8 விழுக்காடுதான். அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-இல்.

இந்த ஒளி வீடுகளுக்குப் பங்கிடப்படும் முறைதான் உண்மையில் வியப்பூட்டுவது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி இழை வருவதில்லை. ஒரே இழை வந்து, சாலையோரப் பெட்டியில் உள்ள ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்பானில் இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிந்து, ஐந்தாம் முறை பிரியும்போது 32 வீடுகளுக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. மின்வெட்டு அடிக்கடி நேரும் தோட்டப்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது அரிது. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் ஒளி பாதியாகிறது. நிலையத்தில் சில மில்லிவாட்டாகப் புறப்பட்டது, வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டியை அடையும்போது ஒரு மில்லிவாட்டின் ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைந்தாலும் அதைப் படித்துவிட முடியும். அதற்கும் கீழே போனால் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். அலமாரியை நகர்த்தும்போது கம்பி மடிந்து நசுங்கினால்கூட அந்த விளக்கு எரியும், ஏனென்றால் கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும்.

பிரிப்பானுக்கு அறிவு கிடையாது. என் வீட்டுக்கு வரும் காணொளியையும் பக்கத்து வீட்டுக்கு வரும் வங்கிக் கணக்கையும் அது 32 வீட்டுக்கும் ஒன்றாகவே அனுப்புகிறது. தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது அந்தந்த வீட்டுப் பெட்டியின் பொறுப்பு. பெட்டியைத் திருத்தி அடுத்தவர் தரவைப் படிக்க யாரேனும் முயலக்கூடும் என்பதால், சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் மறைகுறியாக்கத்துக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் தரநிலையிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். சாவியை வீட்டுப் பெட்டியே உருவாக்கி மேல்நோக்கி அனுப்புகிறது. கீழ்நோக்கி வரும் ஒளிதான் எல்லா வீட்டுக்கும் போகிறது. மேல்நோக்கிப் போகும் ஒளி பிரிப்பானைக் கடந்து நிலையத்துக்கு மட்டுமே செல்வதால், சாவி அண்டை வீட்டார் கண்ணில் படுவதில்லை.

மேல்நோக்கிய பயணத்தில் நெரிசல் வேறு விதமானது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஆலை வாசலில் தராசுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதைப் போல, 32 வீடுகளும் ஒரே இழையில் முறை வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதனால் நிலையம் ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் முன்கூட்டியே அளந்து, யார் எந்த நொடித்துகளில் ஒளிவிட வேண்டும் என்று குறித்துக் கொடுக்கிறது.

இவ்வளவு எளிதானது ஏன் எல்லாத் தோட்டத்துக்கும் வரவில்லை என்று கேட்பது நியாயமே. தோட்டம் தனியார் நிலம். லயத்து வீடுகளும் கம்பெனியுடையவை. உரிமையாளர் இசைவின்றிக் கம்பி புதைக்க முடியாது. மூன்று கிலோமீட்டர் தோண்டி நாற்பது வீடுகளை எட்டும் செலவைத் தாமான் வீடமைப்பின் செலவோடு ஒப்பிட்டால் எந்த நிறுவனமும் தயங்கவே செய்யும். இதற்காகத்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவருக்குமான சேவை நிதிக்குச் செலுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2020-இல் அரசு அறிவித்த ஜென்டேலா திட்டம் அந்த நிதியையும் சேர்த்துக்கொண்டு, 2022-க்குள் 75 இலட்சம் கட்டடங்களுக்கு ஒளியிழை என்றும், 4ஜி சேவைப்பரப்பை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9-க்கு உயர்த்துவதென்றும் இலக்கு வைத்தது. (ஜென்டேலா என்றால் மலாயில் சன்னல். அந்தச் சொல்லும் நம் சன்னலும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது.) இத்தகைய கணக்குகளில் கம்பி வாசல்வழியே கடந்து போனாலே அந்தக் கட்டடம் சேர்ந்துவிடும், வீட்டுக்குள் இணைப்பு வந்திருக்க வேண்டியதில்லை. 96.9 என்பதும் மக்கள் குடியிருக்கும் பகுதியின் விழுக்காடுதான். பகல் முழுதும் ஆட்கள் குலை வெட்டும் செம்பனைக் காட்டில் யாரும் குடியிருப்பதில்லை.

அந்தக் காட்டுக்குள் கைப்பேசி அலைக்கு நேர்வது என்ன என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் தாமே கண்டிருப்பார்கள். மறுநடவு செய்த புதுக்காட்டில் இணையம் நன்றாகக் கிடைக்கும். ஏழெட்டு ஆண்டில் அதே இடத்தில் கைப்பேசி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். கோபுரம் இடம் மாறவில்லை, மரம் வளர்ந்துவிட்டது. ஓலையில் இருக்கும் நீர் வானலையை விழுங்குகிறது, மழை நனைத்த ஓலை இன்னும் அதிகமாக விழுங்குகிறது. 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் நீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால் ஓலையிலும் மட்டையிலும் பட்டுச் சிதறுகிறது. 43 சென்டிமீட்டர் நீளமுள்ள 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு சுற்றி வளைந்து போய்விடும். நகரத்தில் வேகத்துக்கு முந்தையதும், தோட்டத்தில் தூரத்துக்குப் பிந்தையதும் ஏற்றவை. சேவைப்பரப்பு வரைபடம் மரத்தின் வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பாதுகாப்பு என்ற சொல் இங்கே மூன்று வேறு பொருளில் வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், தொலைத்தொடர்பு உள்ளிட்ட நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளை நடத்துவோர் தம் அமைப்பை ஆண்டுதோறும் ஆபத்துமதிப்பீடு செய்யவும், ஊடுருவல் நேர்ந்தால் உடனே தெரிவிக்கவும் கட்டாயப்படுத்துகிறது. அது நிலையத்தையும் கோபுரத்தையும் காக்கும். கோபுரமே போலியாக இருந்தால்?

2ஜி வகுத்த காலத்தில், கைப்பேசி உண்மையானதா என்று வலையமைப்பு சோதிக்குமே தவிர, வலையமைப்பு உண்மையானதா என்று கைப்பேசி சோதிக்காது. 3ஜி முதல்தான் இருபுறச் சோதனை வந்தது. மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜி நிறுத்தப்பட்டது, 2ஜி நின்றுவிடவில்லை. ஒரு காரில் சிறு கருவியை வைத்து வலுவான அலையைப் பரப்பினால், அருகிலுள்ள கைப்பேசிகள் 2ஜிக்கு இறங்கி அதனுடன் இணைந்துவிடும். வங்கியின் பெயரிலேயே இணைப்புச் சுட்டியோடு குறுஞ்செய்தி வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிச் சுற்றிய கார்கள் பிடிபட்டதுண்டு. சுட்டியுள்ள குறுஞ்செய்திகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தடுத்தாலும், இந்தச் செய்தி அவர்கள் வலையமைப்பைத் தொடாமலே வருவதால் தடை அதற்குப் பொருந்தாது. ஆண்ட்ராய்டு 12-க்குப் பிந்தைய பல கைப்பேசிகளில் 2ஜியை அணைக்கும் பொத்தான் இருக்கிறது, தேடிப் பார்க்கலாம்.

இணையத்தளங்களை முடக்குவது வேறொரு படியில் நடக்கிறது. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்முகவரியைத் தரும் சேவையகம், செக்ரோல் என்னும் ஆள்வரவு ஏட்டை வைத்திருக்கும் தோட்டத்து எழுத்தரான கிராணியைப் போன்றது. ஏட்டில் பெயரை அடித்துவிட்டால் ஆள் இல்லாமல் போய்விடுவதில்லை. வேறு ஏட்டில் பார்த்தவருக்குக் கிடைத்துவிடுகிறார். 2024 செப்டம்பரில், வெளிநாட்டுச் சேவையகங்களின் ஏடுகளைக் கேட்பவர்களையும் உள்ளூர் ஏட்டுக்கே திருப்பிவிடுமாறு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே அது நிறுத்தப்பட்டது.

2026 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் கம்பியையும் ஏட்டையும் விட்டு, தளம் நடத்துவோரையே பிடிக்கிறது. சிறார் பாலியல் சுரண்டலும் பண மோசடியும் அதில் முன்னுரிமைத் தீங்குகள். தனிப்பட்ட செய்திப் பரிமாற்றம் மட்டும் அதற்கு வெளியே நிற்கிறது. முனைக்கு முனை மறைத்து அனுப்பப்படும் வாட்ஸ்அப் செய்தியை இடையில் யாராலும் படிக்க முடியாது. கையிலே வேலை, வீட்டிலிருந்தே சம்பளம் என்று தோட்டத்துக் குழுக்களில் வலம்வரும் அழைப்புகள் அந்த வழியில்தான் வருகின்றன. பணம் போய்விட்டால் 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும், ஏனென்றால் அனுப்பிய பணம் மோசடிக்காரர்கள் பிறரிடம் இரவல் வாங்கிய வங்கிக் கணக்குகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிமிடக் கணக்கில் மாறும், வங்கியால் முடக்க முடிவது அது இன்னும் நாட்டுக்குள் நிற்கும்போது மட்டுமே.