பழைய கேமிங் கணினியைத் தூக்கிப் போடும்முன் மூடியைத் திறந்து பாருங்கள்

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் ஒருவர் போன வாரம் இரண்டு கணினிகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஒன்று, மகனுக்காக 2019-இல் வாங்கியது. மற்றொன்று, அது மிகவும் பழையதாகிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இணையத்தில் ₹22,000 கொடுத்து வரவழைத்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே வண்ண விளக்கு விசிறிகள், விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ்". பையன் விளையாடுவது வேலரன்ட் என்ற இணையத் துப்பாக்கி ஆட்டம். பழையதில் திக்கித் திணறியாவது ஓடியது. புதியதில் திறக்கவே இல்லை.

"ஐ7 என்றுதானுங்க போட்டிருந்தார்கள். இதைவிடப் பெரியது ஏதுங்க?" என்று கேட்டார்.

கல்லூரிச் சேர்க்கை நேரத்திலும் தீபாவளி போனஸ் நேரத்திலும் இந்தக் கேள்வி என் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறது. பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

புதிதாக வந்ததைத் திறந்தால் உள்ளே ஐ7-3770. 2012-இல் வெளியான பிராசஸர், அதாவது கணினியின் மூளை. ஏதோ ஓர் அலுவலகத்தில் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றது. அதைப் பெயர் தெரியாத எச்61 மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகும் பலகை) பொருத்தி, பழைய ரகமான டிடிஆர்3 ரேம் போட்டு, ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டை மாட்டி, விண்டோஸ் 11-ஐத் தகுதிச் சோதனைக்குத் தப்பும்படி குறுக்கு வழியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் திறக்க வேண்டுமானால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருக்க வேண்டும். அந்தப் போர்டில் டிபிஎம் 2.0 இல்லை. அவ்வளவுதான்.

கழித்துக்கட்டிய பழையதில் என்ன இருந்தது தெரியுமா? ரைசன் 5 2600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1650. விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இருக்கும் பிராசஸர். குறை என்று பார்த்தால் மூன்று: 8 ஜிபி ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தது, விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் இருந்தது, பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் இடுக்கு முழுவதும் பஞ்சு அடைத்திருந்தது. பஞ்சை எடுத்து, ஹீட்சிங்குக்கு அடியில் தடவும் பேஸ்ட்டை மாற்றி, ஹார்ட் டிஸ்கைவிட வேகமான ஓர் எஸ்எஸ்டியும் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கும் போட்டு, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் டிபிஎம்மை இயக்கிக் கொடுத்தேன். புதியதற்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை.

இன்டெல் பிராசஸர்களின் இந்த ஐ3, ஐ5, ஐ7 விவகாரத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை அதிகப் பணம் வீணாவது இதில்தான். அந்த ஒற்றை இலக்கம் ஒரே தலைமுறைக்குள் எது பெரியது என்பதை மட்டுமே சொல்லும். எந்தத் தலைமுறை என்பதை அதற்குப் பின்னால் வரும் எண் சொல்லும். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை. 9400 என்றால் ஒன்பது. 12400 என்றால் பன்னிரண்டு. ஐ7-3770-இல் 4 கோர் (வேலை செய்யும் கைகள்), 8 த்ரெட் (ஒரே சமயத்தில் எடுக்கும் வேலைகள்). 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-இலும் அதே 4 கோர், 8 த்ரெட்தான். அடிப்படை வேகத்தைப் பார்த்தால் பழையதற்கு 3.4 கிகாஹெர்ட்ஸ், புதியதற்கு 3.3. எண்களை மட்டும் பார்ப்பவர் பழையதைத்தான் எடுப்பார். ஆனால் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தால் அந்த ஐ3 இந்த ஐ7-ஐ மட்டுமல்ல, 2017-இல் கொடிகட்டிப் பறந்த ஐ7-7700கே-வையும் முந்திவிடும். ஒரு கோர் ஒரு நொடியில் முடிக்கும் வேலை தலைமுறைக்குத் தலைமுறை கூடியிருக்கிறது. கிகாஹெர்ட்ஸில் அது தெரியாது, கோர் எண்ணிக்கையிலும் தெரியாது, ஸ்டிக்கரில் நிச்சயமாகத் தெரியாது.

தறிக்காரரிடம் வேறு மாதிரி சொன்னேன். சாதாத் தறியும் தறிதான், ஏர்ஜெட்டும் தறிதான். ஒரு ஷிப்டில் எது எத்தனை மீட்டர் நெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்றேன். அவர் உடனே புரிந்துகொண்டார். பையன்தான் "ஆனாலும் அண்ணா, ஐ7..." என்று இழுத்தான்.

ஆகவே விற்பவர் "ஐ7" என்று சொன்னால் முழு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். விளம்பரத்தில் முழு எண் இல்லையென்றால் அது மறதியால் விடுபட்டதில்லை.

"4 ஜிபி கிராபிக்ஸ்" என்பதும் இதே ரகம். ஜிடிஎக்ஸ் 1650-இலும் 4 ஜிபிதான் இருக்கிறது, ஜிடி 730-இலும் 4 ஜிபி போட்டு விற்கிறார்கள். முன்னதில் 896 கோர், பின்னதில் அதிகம் போனால் 384, அதுவும் 2014-ஆம் ஆண்டுச் சரக்கு. ஜிபி என்பது கார்டிலுள்ள நினைவகத்தின் அளவு, கார்டின் பலம் அல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கணினி திணறுகிறது என்றால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் நான் திறக்கும் கேபினெட்களில் பஞ்சு இல்லாதது அபூர்வம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருபவற்றில் தென்னை நார்த் தூசி. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்றுதான் உள்ளே போகாது. சூடு எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திணறுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். கையளவு ப்ளோயர் போதும். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். தயவுசெய்து ஷெட்டில் இருக்கும் கம்ப்ரஸர் குழாயைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். அதன் அழுத்தத்தையும் அதில் வரும் ஈரத்தையும் போர்டு தாங்காது. "நன்றாகத்தானுங்க ஊதினேன்" என்று செத்த போர்டோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

சுத்தம் செய்த பிறகும் திணறினால், எந்தப் பாகம் இழுக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஆட்டத்துக்குள் போய்ப் படத்தின் நுணுக்க அளவான ரெசல்யூஷனை ஒரு படி, இரண்டு படி குறைத்துப் பாருங்கள். நொடிக்குத் திரையில் வரும் ஃபிரேம் (படம்) எண்ணிக்கை சட்டென்று ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. ஏறாமல் அங்கேயே நின்றால் தடை பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு விலைக்கு கார்டு வாங்கினாலும் பயன் இல்லை. டாஸ்க் மேனேஜரில் சிபியு 50 சதவீதம்தான் காட்டுகிறது என்று ஏமாறாதீர்கள். ஒரே ஒரு கோர் முழுச்சுமையில் மூச்சுத் திணற, மற்றவை சும்மா இருந்தாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் காட்டும். ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் இரண்டாவதைப் போட்டுவிட்டு அப்புறம் பேசலாம். இன்னொன்று, மானிட்டர் 60 ஹெர்ட்ஸாக (நொடிக்கு 60 படம்தான் காட்டும்) இருக்கும்போது 200 ஃபிரேமுக்குக் கார்டு தேடுகிறவர்களும் வருகிறார்கள். அவர்களை மானிட்டர் கடைக்கு அனுப்பிவிடுகிறேன்.

மேம்படுத்துவதா மாற்றுவதா என்ற முடிவைச் சொல்லப்போவது போர்டுதான். கார்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். போர்டு எந்த பிராசஸர் வரை ஏற்கும், எந்த ரேமை ஏற்கும் என்பதில்தான் கணினியின் மிச்ச ஆயுள் இருக்கிறது.

டிடிஆர்3 ரேம் உள்ள போர்டா? அதில் பணம் போடாதீர்கள். பாடம் படிக்க, படம் பார்க்க வேண்டுமானால் ஓர் எஸ்எஸ்டி போடலாம், அதற்குமேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்களுக்கான ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பி450-இல் 2600 இருந்தால் அதே போர்டில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5 5600 போடலாம். பழைய பிராசஸரைக் கழற்றும்முன்பே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிவிட்டு வந்தால் திரை வராது. அப்புறம் நான் என் அலமாரியில் பழைய பிராசஸரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்டெலில் அப்படிச் சுலபமில்லை. ஆறு, ஏழாம் தலைமுறைகளுக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைகளுக்கும் சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) ஒரே 1151தான். ஆனால் ஒன்றின் போர்டில் மற்றது வேலை செய்யாது. பிராசஸர் உள்ளே கச்சிதமாக உட்காரும், கணினி உயிர்பெறாது. "பொருந்துகிறதே" என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்து ஏமாந்தவர்கள் உண்டு. எட்டு, ஒன்பதாம் தலைமுறை என்றால் நல்ல கார்டு ஒன்று போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஆறு, ஏழு என்றால் போர்டையும் பிராசஸரையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பன்னிரண்டாம் தலைமுறைக்கு டிடிஆர்4 ஏற்கும் போர்டுகளும் உண்டு. கேபினெட், எஸ்எஸ்டி, மானிட்டர், ரேம் நான்கையும் அப்படியே கொண்டுபோகலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால், மைக்ரான் நிறுவனம் தன் குரூசியல் நுகர்வோர் வணிகத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் கையில் இருக்கும் நல்ல டிடிஆர்4 ஸ்டிக்கை எக்ஸ்சேஞ்சில் சும்மா தூக்கிக் கொடுப்பவரை என்ன சொல்ல?

மாற்றியே தீர வேண்டிய காரணங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய ஆட்டங்களுக்கான டிரைவர்களை என்விடியா அதே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற ஆட்டங்கள், ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் ஓடாது. பையன் ஆடுவது அப்படிப்பட்ட ஆட்டங்களா, வேலரன்ட்டும் ஜிடிஏ 5-உமா? முதலில் அதைக் கேளுங்கள். ஆடாத ஆட்டத்துக்காக அப்பாவின் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. முப்பதாயிரத்துக்கு கார்டு வாங்குவார்கள், கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அதைச் செருகுவார்கள். பக்கவாட்டில் 450 வாட் என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். அதற்குக் கீழே இருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தைப் படியுங்கள். அங்கே 16 ஆம்ப் என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது அதிலிருந்துதான். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், 65 வாட் பிராசஸர் ஒன்று, ஆக 197. விசிறிக்கும் டிஸ்குக்கும் போவதற்கு முன்பே கணக்கு உதைக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கப் பணம் இல்லையென்றால், தனி மின்கம்பி கேட்காத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்ற கார்டோடு நில்லுங்கள். அதே பெயரில் 8 ஜிபி கார்டு வேறு இருக்கிறது, அது அதிக மின்சாரம் கேட்கும், கலந்துவிடாதீர்கள்.

அப்படியே யுபிஎஸ்ஸையும் பாருங்கள். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தரும். ஆட்டத்தின் நடுவில் எல்லாம் அணைந்துபோனால் கணினியைக் குறை சொல்லும்முன் அதைக் கவனியுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தறி மோட்டார் ஓடும் அதே லைனில் கேமிங் கணினியையும் ஓட்டிக்கொண்டு எர்த்தும் இல்லாமல் இருப்பது துணிச்சலில் சேராது.

பழைய கார்டு வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும்முன் கணினியில் மாட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி வேறு பெயரில் விற்கும் போலி என்விடியா கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்று தருவதில் 2304 ஷேடர் (கார்டின் கோர்) இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது ஒரு படி கீழான கார்டு, விலையும் அப்படியே இறங்க வேண்டும். அரை மணி நேரம் ஆட்டத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "நேரம் இல்லைங்க, அடுத்த ஆள் வெளியே காத்திருக்கிறார்" என்றால் அந்த அடுத்த ஆளே வாங்கிக்கொள்ளட்டும்.

பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதென்றே முடிவு செய்துவிட்டால், ஹார்ட் டிஸ்கையும் எஸ்எஸ்டியையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். விலையில் சில நூறு குறைப்பார்கள், குறைக்கட்டும். பையனின் ஆட்டக் கணக்கு மட்டுமா அதில் இருக்கிறது? குடும்பத்தின் ஆதார் ஸ்கேன், வங்கி அறிக்கை, கம்பெனியின் ஜிஎஸ்டி உள்நுழைவு என்று எல்லாவற்றையும் அதே கணினியில்தான் சேமித்து வைத்திருப்பீர்கள். டெலிட் செய்துவிட்டேன் என்பதோ, ஃபார்மேட் அடித்துவிட்டேன் என்பதோ போதாது. கழற்றத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் எந்த சர்வீஸ் கடையிலும் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை.