சாப்பிட்டுப்போட்டு எதைப் போட்டோம்?

‘ஓஃப்’ என்ற சின்னச் சொல் என் மருமகனின் ஒரு காலைப் பொழுதை விழுங்கிவிட்டது. புதுக்குடியிருப்பில் முதல் பஸ் பிடித்து, பரந்தனில் இறங்கி, வேறு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. முதல்நாள் வந்த ஆங்கிலக் குறுஞ்செய்தியில் ‘கோல்ட் ஓஃப்’ (called off), அதாவது ரத்து, என்று இருந்திருக்கிறது. ‘கோல்’ என்றால் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியும். ‘ஓஃப்’பை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்குப் போன் எடுத்துக் கத்தினான்: “கூப்பிட்டுப்போட்டு இஞ்ச ஒருத்தரும் இல்லை, மாமா!”

கூப்பிட்டுப்போட்டு எதைப் போட்டார்கள்? ஒன்றையும் இல்லை. வன்னியில் ஒருவர் “சாப்பிட்டுப்போட்டு வாறன்” என்றால், கோப்பையைத் தூக்கிப் போட்டார் என்று யாரும் நினைப்பதில்லை. ‘போடு’ தன் சொந்தப் பொருளை உதறிவிட்டு, முன்னால் நிற்கும் வினைக்கு ‘அந்த வேலை முடிந்தது’ என்ற சாயலை மட்டும் கொடுக்கிறது. சட்டி உடைந்துபோனது என்கிறோம். சட்டி கிடந்த இடத்திலேயேதான் கிடக்கிறது. இலக்கணம் இவற்றைத் துணைவினை என்கிறது.

ஆங்கிலத்தில் இதே வேலையை அப், ஓஃப், அவுட், டவுன் போன்ற திசைச் சொற்கள் செய்கின்றன. நம்மிடம் தேய்ந்தது வினை, அவர்களிடம் தேய்ந்தது திசை. ‘அப்’ என்றால் மேலே. குடத்தில் தண்ணீர் மேலே ஏறி விளிம்பைத் தொட்டால் குடம் நிறைந்துவிடும். இப்படித்தான் ‘மேலே’ என்பது ‘முழுவதும்’ ஆனது என்று மொழியியலாளர் விளக்குவார்கள். ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடு. சோறு கீழேதான் இறங்குகிறது, இருந்தும் அப்தான்! ‘யூஸ் அப்’ என்றால் பாவித்து முடி. ‘ஓஃப்’ விலகலைக் காட்டும். பாயும் நாயைக் குரல் கொடுத்து விலக்குவதும் ‘கோல் ஓஃப்’, குறித்த நிகழ்வை ரத்துச் செய்வதும் ‘கோல் ஓஃப்’. ‘புட் ஓஃப்’ என்றால் நாளைத் தள்ளி வைப்பது.

எல்லாம் இப்படிப் பிடிபடும் என்று சொல்லமாட்டேன். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. அதில் எந்தக் குடமும் எனக்குத் தெரியவில்லை, பாடமாக்கியதுதான். 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜோன்சனே, வேற்றுமொழிக்காரருக்கு மிகப் பெரிய சிக்கல் வினையோடு சின்னச் சொல் ஒட்டும் இந்தச் சேர்க்கைதான் என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மூளை இவற்றை எப்படி வைத்திருக்கிறது? 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசுவோருக்கு வழக்கில் உள்ள ‘ஹீட் அப்’ போன்ற சேர்க்கைகளையும், வழக்கில் இல்லாத ‘ஹீட் டவுன்’ போன்றவற்றையும் ஒலிக்கவிட்டு, மூளையின் காந்தப் புலத்தை அளந்தார்கள். வழக்கில் உள்ளவற்றுக்கே எதிர்வினை வலுவாக இருந்தது. பொருளுள்ள தனிச் சொல்லுக்கும், பொருளில்லாப் போலிச் சொல்லைவிட மூளை இப்படித்தான் வலுவாக எதிர்வினை காட்டும். அதாவது, இரண்டு சொல்லாகக் கேட்பதை மூளை ஒரே சொல்லாகவே சேர்த்து வைத்திருக்கிறது என்பது ஆய்வாளரின் முடிவு. அகராதியில் ‘கோல்’ ஒரு பக்கம், ‘ஓஃப்’ ஒரு பக்கம் என்று தேடினால் பொருள் சிக்காது.

ஆனால் ஒரே சொல் என்றாலும் நடுவில் பிளந்து கொடுக்கும். ‘அது’ என்பதற்கான ‘இட்’ வந்தால் இடையில்தான் உட்காரும்: ‘கோல் இட் ஓஃப்’ சரி, ‘கோல் ஓஃப் இட்’ பிழை. ‘லுக் ஆஃப்டர்’, அதாவது பராமரிப்பது, அப்படிப் பிளக்காது. அங்கே ‘லுக் ஆஃப்டர் இட்’தான். காதும் உதவும். பிளக்கும் சேர்க்கையில் கடைசிச் சொல்லான ‘ஓஃப்’ அழுத்தமாக விழும். ‘ஆஃப்டர்’ பெரும்பாலும் அப்படி விழாது.

இதையெல்லாம் அன்றே போனில் மருமகனுக்குச் சொல்லத் தொடங்கினேன். “பஸ் வந்திட்டுது மாமா, பிறகு கதைக்கிறன்” என்று வைத்துவிட்டான்.