"அடுத்து என்ன கோர்ஸ் படிக்கலாம் மேடம்?"

எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுகலை) முடித்து எங்கள் அலுவலகத்தில் சேரும் பிள்ளைகள் மூன்றாவது மாதம் இந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வந்துவிடுவார்கள். பைத்தான் படிக்கலாமா, ட்ரோன் சர்வே பயிற்சிக்குப் பணம் கட்டலாமா, இன்னொரு சான்றிதழ் இருந்தால் சம்பளம் ஏறுமா. கையில் ஏற்கெனவே நாலைந்து சான்றிதழ் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன மழையில் வியாசர்பாடிப் பக்கம் போனியா? பெரும்பாலும் பதில் வராது.

நான் தண்டையார்பேட்டைக்காரி. பதினேழு வருஷமாக நகரத் திட்டமிடல்தான் பிழைப்பு. என் அம்மாவுக்கு இன்றைக்கும் இது "வீட்டுக்கு பிளான் போட்டுத் தர்ற வேலை", அதனால் மாடி எடுக்க நினைக்கும் உறவினர் எல்லோரும் எனக்குத்தான் போன் போடுவார்கள். சரி, அது கிடக்கட்டும்.

வேலை நிலவரத்தை முதலில் பேசிவிடலாம். மாநில நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு மட்டும் 12,000க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை, ஆனால் அனுமதிக்கப்பட்ட இடங்கள் 4,000க்கும் குறைவு, அதிலும் ஏறக்குறைய பாதி காலி என்று நிதி ஆயோக் 2021இல் ஓர் அறிக்கை கொடுத்தது. இதைப் படித்துவிட்டு வேலை கொட்டிக்கிடக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள், காலியிடம் இருப்பது வேறு, அதை நிரப்புவது வேறு. பல மாநிலங்களில் அந்தப் பணிக்குத் திட்டமிடல் படிப்பே கட்டாயமில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இன்னொரு பக்கம் பார்த்தால் வேலை மலையாகக் குவிந்திருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 5,904 ஆக விரிந்தது, 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026 வரைதான், அதனால் மூன்றாவதுக்கான வேலை ஓடுகிறது, 2023இல் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தையும் அறிவித்தார்கள். இந்த வேலையில் பெரும்பகுதி ஆலோசனை நிறுவனங்கள் வழியாக, ஒப்பந்தத்தில், இரண்டு மூன்று வருஷத் துண்டுகளாகத்தான் இளைஞர்கள் கைக்கு வருகிறது. அதில் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது எது உங்களைத் தூக்கிவிடும் என்பதுதான் கேள்வி.

எனக்கு அது ஒரு அளவு டேப்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், கொருக்குப்பேட்டைப் பக்கம் மழைநீர் வடிகால் ஆய்வு. விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த, இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். நில உயரத் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட சாஃப்ட்வேரில் போட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அம்புக்குறிகளோடு அழகான ஒரு வரைபடம் செய்திருந்தேன். அம்பு எல்லாம் கேப்டன் காட்டன் கால்வாயை நோக்கி. எங்கள் சீனியர், பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "இத எடுத்துக்கிட்டுப் போய் அந்தத் தெருவுல நின்னு பாரும்மா" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அந்தத் தெருவில் வீட்டுக்குள் போகப் படி ஏற வேண்டாம், இறங்க வேண்டும். வாசலுக்குக் குறுக்கே ஒரு சாண் உயரத்துக்குச் சிமென்ட் கட்டை. உள்ளே ஃபிரிட்ஜ் இரண்டு ஹாலோ பிளாக் மேல் உட்கார்ந்திருந்தது, ஸ்விட்ச் போர்டு கைக்கு எட்டாத உயரத்தில். சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே இன்னும் இரண்டு. நான் டேப்பை விரித்ததும் எதிர்வீட்டு அக்கா வெளியே வந்தார்.

"இன்னாம்மா அளந்துகினு இருக்கே? பட்டா குடுக்கப் போறாங்களா?"

இல்லக்கா, தண்ணி எப்படிக் கால்வாய்க்குப் போகுதுன்னு பார்க்க வந்தேன் என்றேன். அவர் சிரித்தார்.

"தண்ணி எங்கம்மா கால்வாய்க்குப் போவுது? கால்வாய்லேர்ந்துதான் எங்க வூட்டுக்கு வருது."

உண்மை. அந்தக் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் போய்ச் சேர்கிறது. அங்கே தண்ணீர் ஏறி நின்றால் இது வடியாது, அப்புறம் வடிகால் வழியாகவே தெருவுக்குத் திரும்பும். என் அம்புகளோ வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. அன்றைக்குக் கிடைத்த அந்தத் தரவில் ஒரு கட்டம் என்பது 90 மீட்டருக்கு 90 மீட்டர், அந்தத் தெருவில் ரோடும் இரண்டு பக்க வீடுகளும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். போதாததற்கு ரேடார் அலை கூரையில் பட்டுத் திரும்பும் உயரமும் அதில் கலந்திருக்கும். நான் வரைந்திருந்தது மொட்டைமாடிகளின் சரிவு.

அன்றைக்கு 20 வாசல் அளந்தேன். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் ஒவ்வொரு தடவையும் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டே வந்ததில் சில வீட்டுத் தளம் ரோட்டைவிட ஒன்றேகால் அடி கீழே கிடந்தது. ரோடு வெட்டுவதற்கு முன்னால் இந்த உயரத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் அந்த வாசல்களுக்குப் பிரயோஜனமில்லை. அதற்குப் பிறகு நான் தயாரித்த எல்லா சர்வே படிவத்திலும் "வாசல் உயரம்" என்று ஒரு பத்தி இருக்கும். அடுத்த வேலைக்கான நேர்காணலில் என் சாஃப்ட்வேர் பட்டியலை ஒருவரும் கேட்கவில்லை, இருபது நிமிஷம் அந்தப் பத்தியைப் பற்றித்தான் பேச்சு.

அதனால் சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கியூஜிஐஎஸ் தெரியாமல் இன்றைக்கு உள்ளேயே விட மாட்டார்கள். அது நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். கல்லூரியில் யாரும் சொல்லித்தராத இன்னொன்று நில ஆவணம். நிலம் யார் பெயரில், என்ன வகையில் இருக்கிறது என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தகம்) வரைபடத்தில் ஜி லைன் என்ற அளவீட்டுக் கோடு எது, உட்பிரிவுக் கோடு எது என்று கை வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். மாநகரின் பழைய பகுதியில் வார்டு, பிளாக், டி.எஸ். (நகர சர்வே) எண் என்று போகும், விரிவாக்கப் பகுதிக்குப் போனால் கிராமமும் சர்வே எண்ணுமாக மாறும், இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு வாரம் வீணாக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆவணத்தைப் படித்த பிறகும் நேரில் போங்கள். எண்ணூர்ப் பக்கம் செயற்கைக்கோள் படத்தில் காலி மணலாகவும் பதிவேட்டில் புறம்போக்காகவும் இருக்கும் இடத்தில் காலை ஆறு மணிக்குப் போனால் வலை காயும், மீன் ஏலம் நடக்கும். "காலி இடம்" என்று எழுதி அங்கே பூங்கா முன்மொழிந்த வரைவு ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது.

அடுத்தது உங்கள் சொந்தக் கோப்பு. டெண்டரில் நிறுவனத்துக்கு மட்டுமல்ல, குழுவில் இருக்கும் ஒவ்வொருவரின் பயோடேட்டாவுக்கும் மதிப்பெண் உண்டு: படிப்பு, எத்தனை வருஷம், இதே மாதிரி எத்தனை வேலை. நான் இரண்டு வருஷம் உழைத்த ஒரு நிறுவனம் நான் விலகியபோது "அப்புறம் தர்றோம்" என்று சொன்ன அனுபவக் கடிதத்தைத் தரவேயில்லை, பிறகு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இரண்டு வருஷம் என் கணக்கில் இல்லை, டீம் லீடர் இடம் ஒன்று அதனால் கைநழுவியது. அன்றைக்குக் கூச்சப்படாமல் கடிதத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு வேலை முடிந்ததும் திட்டத்தின் பெயர், காலம், உங்கள் பங்கு இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிள்ளைப் பேற்றுக்காக இடைவெளி எடுக்கும் பெண்கள் போவதற்கு முன்பே வாங்குங்கள், திரும்பி வரும்போது உங்கள் மேலாளர் வேறு எங்கோ இருப்பார்.

உறுப்பினர் பதிவு, தேர்வு பற்றிச் சுருக்கமாக: இந்திய நகரமைப்பாளர் கழகத்தின் உறுப்பினராகிவிடுங்கள், 1951இலிருந்து இருக்கும் அமைப்பு, பல டெண்டர்களில் அந்த உறுப்பினர் எண்ணைக் கேட்பார்கள். அரசுப் பக்கம் போக ஆசை இருந்தால் நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஒரு பக்கம் எழுதப் பழகுங்கள். நம் அறிக்கை 200 பக்க ஆங்கிலம், ஆட்சேபணை சொல்ல வேண்டியவர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கொருக்குப்பேட்டை வேலை முடிந்தபோது ஒற்றைத் தாளில் தெருப் படமும் நாலு வரித் தமிழுமாக அச்செடுத்துக்கொண்டு போய் அதே அக்காவிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்காகத் தெருவுக்கு ஏறி வந்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இது என் வூடுன்னு போட்டுகிறே. இது ரேஷன் கடைம்மா. என் வூடு இங்க."