ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில்: முதல் நாளிலேயே பேச வேண்டியது

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு நெறியாளராகவும், துறைக்குள் எழும் மனக்குறைகளைக் கேட்கும் குழுக்களில் உறுப்பினராகவும் இருந்துவரும் எனக்கு, வேலைப்பளு, விடுப்பு, வகுப்புப் பங்கீடு ஆகியவற்றைப் பற்றிய முறையீடுகளைவிட மிகுந்த வருத்தம் தருபவை ஆய்வுக் கட்டுரைகளில் விடுபட்ட பெயர்களையும் பின்னுக்குத் தள்ளப்பட்ட பெயர்களையும் பற்றியவையே. அவற்றில் பெரும்பாலானவை ஒரே விதமாகத்தான் உருவாகின்றன. கட்டுரையின் முதல் ஆசிரியராக யார் பெயர் வரும் என்று ஆய்வு தொடங்கும்போது எவரும் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு வரிசையை நினைத்துக்கொண்டு உழைக்கிறார்கள். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் வாரத்தில் அந்த வரிசைகள் மோதிக்கொள்கின்றன.

பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆய்வேட்டில் கையொப்பமிடுபவரும், அடுத்த வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவரும், கட்டுரையின் பெயர் வரிசையை முடிவுசெய்பவரும் ஒரே நெறியாளராக இருக்கும்போது, கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படுமோ என்று ஆய்வாளர் அஞ்சுவது இயல்பு. நெறியாளருக்கு அது அவருடைய பல கட்டுரைகளில் ஒன்று. ஆய்வாளருக்கோ, வேலை விண்ணப்பத்தில் காட்டுவதற்கு இருக்கும் இரண்டு மூன்றில் ஒன்று. ஆகவே மாணவர் வாய் திறக்காமல் இருப்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நெறியாளர்களாகிய நாம் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு (ICMJE) பெயர் சேர்ப்பதற்கென வகுத்துள்ள நெறிகளைப் பிற துறையினரும் படித்துப் பார்க்கலாம். 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய சிறு குழுவிலிருந்து வளர்ந்த அந்த அமைப்பு, கட்டுரையின் ஆசிரியராகப் பெயர் பெறும் தகுதிக்கு இன்று நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வின் கருத்துருவிலோ வடிவமைப்பிலோ, தரவு திரட்டல், பகுப்பாய்வு, விளக்கம் ஆகியவற்றிலோ கணிசமான பங்கு; கட்டுரையை எழுதியது அல்லது அதன் உள்ளடக்கத்தை ஆழ்ந்து திருத்தியது; இறுதி வடிவத்துக்கு ஒப்புதல்; ஆய்வின் நேர்மை குறித்து எழும் கேள்விகளுக்குப் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்து நிறைவேற வேண்டும். நிதி பெற்றுத் தந்ததோ பொதுவாக மேற்பார்வையிட்டதோ மட்டும் போதாது. பலர் கவனிக்காத பகுதி ஒன்றும் அதில் உண்டு: முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒருவருக்கு மற்ற மூன்றையும் நிறைவேற்றும் வாய்ப்பைத் தர வேண்டும். தரவு திரட்டிய இளநிலை ஆய்வாளருக்கு வரைவைக் காட்டாமல் வைத்துவிட்டு, ‘அவர் எழுதவில்லையே’ என்று பெயரை நீக்குவது அந்த நெறியின்படியே தவறு.

துறைத் தலைவர் என்பதற்காகவோ கருவியைப் பயன்படுத்த அனுமதித்தார் என்பதற்காகவோ ஒருவரின் பெயரைச் சேர்ப்பதைப் பலர் நல்லெண்ணமாக நினைக்கிறார்கள். தரவுகளில் பிழையோ மோசடியோ பின்னாளில் வெளிப்பட்டால், கட்டுரையையே முழுதாகப் படித்திராத அந்தப் பெரியவரும் விசாரணைக்குப் பதில் சொல்ல நேரும். விடுபடுகிறவர்களோ பெரும்பாலும் கீழ்நிலையில் இருப்பவர்கள்: பாதியில் வேறு பணிக்குச் சென்ற உதவியாளர், புள்ளியியல் பகுப்பாய்வைச் செய்து கொடுத்தவர், கருவியை அளவீடுகளுக்கு ஏற்பத் திருத்தியமைத்த தொழில்நுட்பப் பணியாளர். மற்றவர்கள் ஆய்வில் ஈடுபட நேரம் கிடைப்பதற்காகக் கூடுதல் வகுப்புகளையும் விடைத்தாள் கட்டுகளையும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்த ஆசிரியருக்குக் கட்டுரை ஆசிரியர் என்ற தகுதி வாராது. ஆயினும் அவருடைய உழைப்பைப் பதவி உயர்வு மதிப்பீட்டில் எங்காவது பதியத் துறை கடமைப்பட்டிருக்கிறது.

வரிசையின் பொருள் துறைக்குத் துறை மாறுவது இன்னொரு சிக்கல். கணிதத்திலும் பொருளியலிலும் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது பரவலான வழக்கம். ஆய்வக அறிவியல்களில் மிகுதியாக உழைத்தவர் முதலிலும் குழுத் தலைவர் இறுதியிலும் வருவார்கள். துகள் இயற்பியலில், ஹிக்ஸ் துகளின் நிறை குறித்து 2015-இல் வெளியான கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். வரலாறு, இலக்கியம் போன்ற மானுடவியல் புலங்களில் ஒற்றை ஆசிரியரே வழக்கம் என்பதால், ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் தேடிய மாணவர் நன்றியுரையில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறார். கணிதவியலாளரும் உயிரியலாளரும் சேர்ந்து உழைக்கும்போது, ஒருவருக்கு வெறும் அகரவரிசையாகத் தெரிவது மற்றவருக்குத் தம் உழைப்பின் அளவுகோலாகத் தெரியும்.

1967-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், வானொலித் தொலைநோக்கியின் பதிவுத்தாளில் பிறர் கவனிக்காத ஒரு சிறு துடிப்பைக் கண்டார். சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளாகத் தெரியும் துடிவிண்மீன்களின் (pulsars) கண்டுபிடிப்பு அங்கிருந்து தொடங்கியது. 1968-இல் வெளியான கட்டுரையில் நெறியாளர் ஆண்டனி ஹூயிஷ் பெயர் முதலாவதாகவும் பெல்லின் பெயர் இரண்டாவதாகவும் இருந்தன. 1974-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை ஹூயிஷும் மார்ட்டின் ரைலும் பகிர்ந்துகொண்டனர். பெல்லின் பெயர் அதில் இல்லை. பரிசு பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. கட்டுரையிலாவது அவர் பெயர் பதிவாகியிருந்ததால்தான் அந்த விவாதத்துக்கே ஓர் ஆதாரம் இருக்கிறது. பெயரே அச்சேறாத மாணவர்களுக்கு அதுவும் இல்லை.

என் குழுவில் ஆய்வு தொடங்கும் வாரத்திலேயே ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறோம். எவர் எந்தப் பணியைச் செய்வார், தற்காலிகப் பெயர் வரிசை என்ன, எந்த மாற்றம் நேர்ந்தால் வரிசை மாறும், மூலத்தரவு எவரிடம் இருக்கும் ஆகிய நான்கும் அதில் இருக்கும். பங்களிப்புகளை 14 வகைகளாகப் பிரிக்கும் ‘கிரெடிட்’ (CRediT) வகைப்பாடு இதற்கு மிக உதவியாக இருக்கிறது. மென்பொருள் எழுதியது, தரவைச் சீர்செய்து பராமரித்தது போன்ற கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கும் அதில் தனித்தனிப் பெயர் உண்டு. இந்தப் பேச்சைத் தொடங்கும் பொறுப்பு நெறியாளருடையது. அவர் தொடங்காவிட்டால், “ஐயா, இந்தக் கட்டுரையில் என் பங்கு எப்படி அமையும் என்று இப்போதே தெரிந்துகொண்டால் வேலையைத் திட்டமிட எனக்கு எளிதாக இருக்கும்” என்று ஆய்வாளர் கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பேசி முடிவானவற்றை அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனைவருக்கும் அனுப்பிவிடுவது நல்லது.

பிணக்கு முற்றிய பிறகு ஆய்விதழ் ஆசிரியரிடம் நீதி கேட்டுப் போகிறவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். எவர் எவ்வளவு உழைத்தார் என்று தீர்ப்புச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஆய்விதழ்களுக்கு நெறிமுறை வழிகாட்டும் வெளியீட்டு நெறிக்குழுவின் (COPE) வழிகாட்டுதலும் அத்தகைய பிணக்குகளை ஆய்வு நடந்த நிறுவனத்திடமே அனுப்பச் சொல்கிறது. அங்கே பேசுபவை ஆவணங்கள்தாம். தேதியிட்ட ஆய்வகக் குறிப்பேடு, வரைவுகளின் பழைய வடிவங்கள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் படிகளை, குழுவின் தரவு விதிகளுக்கு உட்பட்டு, ஆய்வாளர் தம்மிடமும் வைத்திருக்க வேண்டும். கட்டுரையை அனுப்பிய பிறகு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால், அதில் தொடர்புடைய அனைவரின் எழுத்துபூர்வ ஒப்புதலையும் ஆய்விதழ்கள் பொதுவாகக் கேட்கும். எனவே குழுவைவிட்டு விலகுகிறவர்களிடம், விலகும் நாளிலேயே நிறுவனத்தைச் சாராத ஒரு மின்னஞ்சல் முகவரியையும், வரைவு வந்தால் எத்தனை நாளுக்குள் பதில் தருவார்கள் என்ற உறுதியையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.