மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் இல்லை

லெந்து நாட்கள் முடிந்து ஈஸ்டர் வந்துவிட்டால் என் கிளினிக்கில் ஒரு தனிக் கூட்டம் சேரும். லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, அல்சூர், ராமமூர்த்தி நகர் என்று பெங்களூரில் தமிழ்ச் சபைகள் உள்ள பக்கங்களிலிருந்து வருகிறவர்கள். எல்லோருமே நன்றாகத் தேறி வந்தவர்கள். நடுவில் ஒரு உபவாசக் கூட்டத்தில் யாரோ "இன்றோடு மாத்திரையை விட்டுவிடு" என்று சொல்ல, அன்றே விட்டவர்கள். முதல் தடவை வந்ததைவிட மோசமாக வந்து உட்காருவார்கள். கூட வந்த அம்மாவோ கணவரோ கேட்கிற முதல் கேள்வி, "எங்களுக்கு விசுவாசம் பத்தாததாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

நான் மனநல மருத்துவர். விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, இன்றும் காலையில் வேதம் வாசிக்காமல் கிளினிக்குக்குக் கிளம்பாதவள். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கேட்பவர்கள் மேல் இல்லை, நோயோடு சேர்த்து இந்தக் குற்ற உணர்வையும் அவர்கள் தலையில் ஏற்றியவர்கள் மேல்.

இந்த வருடம் வந்த ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. கோலார் தங்கவயல்காரர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு மாரிக்குப்பம் ரயில்தான் பிழைப்பு. விடியும் முன் ஏறி பெங்களூரில் இறங்கி, இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள். இந்தப் பெண்ணும் அப்படித்தான். ஒரு நாள் காலை மாலூர் தாண்டும்போது நெஞ்சு படபடத்து, விரல் நுனியெல்லாம் மரத்து, மூச்சு நின்றுவிடும் போலாகி, செத்துவிடுவோம் என்றே நினைத்துவிட்டார். ஈசிஜி சரியாக இருந்தது, தைராய்டும் சரி. பேனிக் அட்டாக். இந்த ஊரில் தினமும் பார்க்கிற, நன்றாகக் குணமாகிற பிரச்சினை. சில மாதங்களில் தேறினார், மறுபடி ரயில் ஏறினார்.

வீட்டில் மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரை அட்டையை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, காணிக்கைக் கவருக்குள் போட்டு, வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் ஒளித்து வைத்திருந்தார். ரத்த அழுத்த மாத்திரை டிவிக்குப் பக்கத்தில் டப்பாவில் கிடக்கிற அதே வீட்டில்! அப்புறம் ஒரு விடுதலைக் கூட்டம். "பயம் பிசாசின் ஆவி" என்று பிரசங்கம். அன்று இரவே நிறுத்தினார். நான்காம் நாள் தலை சுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி வெட்டல். பிசாசு திரும்ப வந்துவிட்டது என்று இன்னும் மூன்று நாள் உபவாசம். திடீரென்று நிறுத்தினால் உடம்பு காட்டுகிற அறிகுறிகள் அவை. மெதுவாகக் குறைத்திருந்தால் பெரும்பாலும் தெரிந்தே இருக்காது.

எனக்கு அதைவிட வலித்தது வேறு. வருடக்கணக்காக எடுத்துவந்த சண்டே ஸ்கூல் வகுப்பையும் விட்டுவிட்டார். "பயப்படுற நான் பிள்ளைங்களுக்கு எப்படி விசுவாசத்தைச் சொல்லித் தருவேன் டாக்டரம்மா?" என்றார்.

பயம் என்றால் அவிசுவாசம், மருந்து என்றால் கர்த்தர் மேல் நம்பிக்கை இல்லை என்கிற இந்தப் போதனைதான் என் கிளினிக்குக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூளையில் என்ன நடக்கிறது என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை, அதை உங்கள் டாக்டர் சொல்வார். வேத வசனத்தை வைத்தே பேசுவோம், ஏனென்றால் வசனத்தைச் சொல்லித்தான் நிறுத்த வைக்கிறார்கள்.

"தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது. என் நோயாளிகளுக்குச் சொல்லப்படுவது எப்போதும் இந்த வசனம்தான். சரி, இதே தீமோத்தேயுவுக்கு இதே பவுல் எழுதிய முதல் நிருபத்தில் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்கிறார். அந்தக் காலத்தில் திராட்சரசம் மருந்தாகவும் புழங்கியது. "உனக்கு விசுவாசம் இருந்தால் வயிறு சரியாகிவிடும்" என்று எழுதவில்லை. அந்தப் பவுலுக்குத் துணையாக இருந்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றுதான் கொலோசெயர் நிருபம் சொல்கிறது. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருடம் ஆயுசைக் கூட்டிக் கொடுத்த கர்த்தரின் தீர்க்கதரிசிதான் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைக்கவும் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்ட இடத்திலும் மருந்து இருந்தது.

"ஒன்றுக்கும் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதினவரும் பவுல்தான், அதுவும் காவலில் இருந்துகொண்டு. அவரே கொரிந்தியருக்கு எழுதும்போது, எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்றும் மறைக்காமல் சொல்கிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எந்தச் சபை சொல்லும்? கெத்செமனேயில் ஆண்டவர் தம் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று சீஷரிடமே சொன்னார். பயத்தால் நடுங்குகிற ஒரு பெண்ணிடம் "நீ பாவம் செய்கிறாய்" என்று சொல்லும் முன் கெத்செமனேயை ஒரு தடவை வாசியுங்கள்.

சாட்சி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மாத்திரையை நிறுத்திய முதல் சில வாரங்கள் பலருக்கு நன்றாகவே இருக்கும். அதுவரை சாப்பிட்ட மருந்து கொடுத்த தெம்பு அது. அந்த வாரங்களில்தான் மேடையில் ஏற்றி சாட்சி சொல்ல வைக்கிறார்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் அதற்கப்புறம், சிலருக்கு மாதங்கள் கழித்து. அப்போது அவரை யாரும் மேடையில் ஏற்றுவதில்லை, அவரும் வெட்கப்பட்டுச் சபைக்கே வரமாட்டார். முதல் சாட்சியைக் கேட்டுவிட்டுத் தானும் நிறுத்தியவர் எத்தனை பேரோ! போதகர்மாரே, கைகூப்பிக் கேட்கிறேன், "மாத்திரையை விட்டேன்" என்கிற வரியைச் சாட்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். சுகமளித்ததற்காகக் கர்த்தரைத் துதிக்க அந்த வரி தேவையில்லை.

உபவாசத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மனநிலையைச் சீராக வைக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களுக்கும் எச்சரிக்கை வேண்டும். மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருகிற இருதுருவ மனநோய் உள்ளவரை முழு இரவு ஜெபத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஒன்றிரண்டு இரவுத் தூக்கம் கெட்டாலே அவருக்கு மிதமிஞ்சிய எழுச்சி வந்துவிடும். விடிய விடியப் பேசுவார், கையிலிருக்கும் பணத்தையெல்லாம் காணிக்கை போடுவார். அதை அபிஷேகம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்ட குடும்பங்களை நான் சந்தித்திருக்கிறேன். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் எந்தக் காரணத்துக்காகவும், ஒரு வேளைகூட விடக்கூடாது.

இவ்வளவு சொன்னதால் மாத்திரை போதும், விசுவாசத்துக்கு இங்கே வேலை இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். மாத்திரை தூக்கத்தைத் தரும், படபடப்பைக் குறைக்கும். காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

எலியாவைப் பாருங்கள். கர்மேலில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். இன்று ஒருவர் இப்படிச் சொன்னால் நான் உடனே உட்கார வைத்துத் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று விசாரிப்பேன். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார், மறுபடி சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான் தூதன் சொன்ன காரணம். ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச்சு வருகிறது, அதற்கப்புறம் வேலை வருகிறது. இன்னாரை அபிஷேகம் பண்ணு, எலிசாவைக் கூட வைத்துக்கொள். பயந்து ஓடிய ஆளிடமிருந்து ஊழியத்தைப் பறிக்கவில்லை, துணைக்கு ஒரு ஆளையும் சேர்த்துக் கொடுத்தார். தூக்கம், சாப்பாடு, பேச்சு, துணை, செய்ய ஒரு வேலை. என் சிகிச்சைத் திட்டத்தில் இருப்பதும் ஏறக்குறைய இவைதான்.

பயம் முழுக்கப் போன பிறகு ஊழியம் செய்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். பயந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். முதலில் ரயிலை விடுவார், அப்புறம் ஆலயத்தில் கதவோரம் கடைசி பெஞ்ச், அப்புறம் ஆலயமே இல்லை. சின்னதாக ஒன்றை, பயத்தோடேயே செய்யத் தொடங்குவதுதான் வெளியே வரும் வழி. வெளிவட்டச் சாலை கம்பெனியில் எப்போது வேலை போகுமோ என்று தூக்கம் கெட்டுக் கிடந்த ஒருவருக்கு நான் சொன்னது, "உங்களுக்குக் கீழே வேலை செய்கிற பையனும் இதே பயத்தில்தான் இருப்பான். நாளைக்கு அவனைக் கூட்டிப்போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்." செய்தார். அடுத்த தடவை வந்தபோது முதலில் அந்தப் பையனைப் பற்றித்தான் பேசினார், பிறகுதான் தன் தூக்கத்தைப் பற்றி. ஈஎம்ஐ அப்படியேதான் இருந்தது. ஆனால் நாளெல்லாம் தன்னையே சுற்றி வந்த எண்ணத்துக்குப் போக வேறு ஒரு இடம் கிடைத்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெயர்பெற்ற போதகர் ஸ்பர்ஜனின் பிரசங்கங்களைத் தமிழிலும் வாசிக்கிறோம். 1856 அக்டோபரில் லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் கூட்டத்தில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அப்போது அவருக்கு வயது 22. அந்த அதிர்ச்சியோடும் மனச்சோர்வோடும் கடைசி வரை போராடினார், அதைப் பிரசங்க பீடத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார். உடம்பும் மனசும் தளர்ந்தபோது பிரான்சின் மாந்தோனுக்குப் போய் ஓய்வும் எடுத்தார். அநாதை இல்லமும் ஊழியர் பயிற்சிக் கல்லூரியும் நடத்தியது இதே மனிதர்தான்.

இனி நேரடியாகச் சில வார்த்தைகள். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். "ஜெபித்தேன், நிறுத்த ஆசைப்படுகிறேன்" என்றே சொல்லுங்கள், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். பெரும்பாலான மனச்சோர்வு, பதற்ற மருந்துகள் வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். தேறின பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும், அப்புறம் படிப்படியாகக் குறைப்போம். இவை அடிமையாக்காது. அடிமையாக்குவது மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிற அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைகள். அதைத் தயவுசெய்து நீங்களாக வாங்காதீர்கள்.

குடும்பத்தார் மாத்திரை டப்பாவை வெளியே வையுங்கள், ஒளிக்க வேண்டிய நிலைமையை உண்டாக்காதீர்கள். மாமியார்மாரே, மருமகளின் ஜெப ஜீவியத்தை அளக்கிற வேலை உங்களுடையது இல்லை. அவளைக் கொஞ்சம் தூங்க விடுங்கள், காலைச் சமையலில் ஒரு கை கொடுங்கள். சபையில் யாராவது "பயமாயிருக்கு" என்றால் வசனத்தைச் சொல்வதற்கு முன்னால் பத்து நிமிடம் கேளுங்கள். ஜெபியுங்கள், நிச்சயமாக ஜெபியுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக வேண்டியவரோடு ஒருவர் கூடப் போங்கள். பெங்களூரின் அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் வரிசையில் காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஊழியம்தான்.

டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் முதலில் 14416க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவை அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். ஒருவர் "செத்துப்போனால் தேவலை", "கர்த்தர் என்னை எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொன்னால் அதை ஜெபக் குறிப்பாக மட்டும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை வேறொருவர் கையில் கொடுத்து வையுங்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும்.