கார்டில் ஒரே கோடுதான், அதனால் டெங்கு இல்லையா?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் லேப் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு அப்பா, தன் செல்போனை என் பக்கம் நீட்டினார். ஒரு வெள்ளை டெங்கு டெஸ்ட் கார்டின் படம். "பாருங்க மேடம், ஒரே கோடுதான். நெகட்டிவ். டெங்கு இல்லைன்னு எழுதியே கொடுத்துட்டாங்க. நீங்க என்னமோ வேற சொல்றீங்களாமே?"

நான் சொன்னது இவ்வளவுதான்: அவர் மகனின் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்) 53, பிளேட்லெட் 21,000, கேஷுவாலிட்டிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். பையனுக்குப் பத்தொன்பது வயது. அன்று காய்ச்சலின் ஆறாம் நாள். முந்தின நாளே காய்ச்சல் விட்டுவிட்டது, கார்டும் நெகட்டிவ், அதனால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். உடம்பு வலிக்கு ஒரு டைக்லோஃபெனாக் ஊசி வேறு போட்டிருக்கிறார்கள். கை கால் சில்லிட்டுப்போன பிறகுதான் ஆட்டோ பிடித்திருக்கிறார்கள்.

பையன் பிழைத்துக்கொண்டான். இந்த மழைக்காலத்தில் இதே மாதிரி கார்டு போட்டோவோடு வந்த நான்காவது குடும்பம் இது. போன வருடங்களில் வந்தவர்களில் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. அதனால்தான் லேப் வேலையை முடித்துவிட்டு இரவு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோடு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலர் அதைச் சிவப்பு மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான கார்டுகளில் அது தங்கம். சுமார் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள், ஒரு தலைமுடியின் குறுக்களவில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் துகள்களை வரிசையாக அடுக்கலாம். அந்த அளவுக்குச் சிறுத்துவிட்டால் தங்கம் மஞ்சளாகத் தெரியாது. வெளிச்சத்தில் உள்ள பச்சையை உறிஞ்சிக்கொண்டு சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே லண்டனில் 1857ல் இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலை ஆராய்ந்து எழுதினார். இந்த மாதிரிக் கரைசல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக சிக்மாண்டி என்பவருக்கு 1925க்கான வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துகளின் மேல் ஆன்டிபாடியை, அதாவது ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதத்தை ஒட்டி, காகிதம் போன்ற ஒரு சவ்வில் காயவைத்தால் கார்டு தயார். தேடும் பொருள் ரத்தத்தில் இருந்தால் துகள்கள் ஓரிடத்தில் சிக்கிக் கோடாகத் தெரியும். கார்டு வேலை செய்கிறது என்று காட்ட இன்னொரு கோடு, கன்ட்ரோல் கோடு, எப்போதும் வரும். கர்ப்பப் பரிசோதனை, மலேரியா, கொரோனா, டெங்கு என்று இருபது ரூபாயிலிருந்து சில நூறு ரூபாய் வரை நம் கையில் வந்து விழும் இந்தக் கார்டுகள்தான், உலகத்தில் மிக அதிகமாகப் புழங்கும் நானோ சென்சார். அற்புதமான பொருள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரண்ட் இல்லாத துணைச் சுகாதார நிலையத்திலும் கால் மணி நேரத்தில் பதில் சொல்லும்.

ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இதைத்தான் நான் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டெங்கு என்.எஸ்.1 கார்டு கேட்கும் கேள்வி "உனக்கு டெங்கு இருக்கிறதா?" என்பது இல்லை. "இந்தச் சொட்டு ரத்தத்தில், இந்த நிமிடத்தில், என்.எஸ்.1 என்ற வைரஸ் புரதம் என் ஆன்டிபாடி பிடிக்கிற மாதிரி, பிடிக்கிற அளவுக்கு இருக்கிறதா?" என்பதுதான் அதன் கேள்வி. இரண்டும் ஒன்று இல்லை. காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்தே அந்தப் புரதம் ரத்தத்தில் இருக்கும். நான்கு, ஐந்து நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். ஆறாம் நாள் கார்டு போட்டு நெகட்டிவ் வந்தால், திருடன் போன பிறகு வீட்டைச் சோதித்துவிட்டு இங்கே திருட்டே நடக்கவில்லை என்று எழுதிக் கொடுப்பது போலத்தான்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராகத்தான் நீண்ட காலப் பாதுகாப்பு. சில வருடம் கழித்து வேறு வகை வரும்போது உடம்பில் ஏற்கெனவே பழகிய ஆன்டிபாடி வேகமாகப் பெருகும். பெருகி என்ன செய்யும்? ரத்தத்தில் இருக்கிற என்.எஸ்.1 புரதத்தைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். புரதம் அங்கேதான் இருக்கும், ஆனால் கார்டில் உள்ள ஆன்டிபாடிக்குப் பிடிக்க இடம் இருக்காது. கோடு வராது. மூன்றாம் நாளே கூட வராமல் போகலாம். இரண்டாவது முறை வரும் டெங்குதான் அதிகம் முற்றும், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ஷாக்குக்கு, அதாவது ரத்த ஓட்டம் சரிந்துபோகும் நிலைக்குப் போகும் வாய்ப்பு அதில்தான் கூடுதல். அதாவது யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடத்தில்தான் இந்தக் கார்டு அதிகம் தவறவிடும். தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு முதல் டெங்கு எப்போது வந்து போனது என்று பெரும்பாலும் தெரியவே தெரியாது. "சின்ன வயசுல ஒரு தடவை வைரல் ஃபீவர்" என்பதோடு அது முடிந்திருக்கும்.

இன்னும் நல்ல சென்சார் வந்தால் இது சரியாகிவிடாதா என்று மருத்துவ மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வந்துகொண்டுதான் இருக்கிறது. தங்கத்துக்குப் பதிலாக யூரோப்பியம் என்ற உலோகம் சேர்த்த ஒளிரும் துகள்களை வைத்து, கண்ணால் பார்க்காமல் சின்ன மெஷினில் படிக்கும் கார்டுகள் உண்டு, மங்கலான கோட்டைக்கூட அது எண்ணாகச் சொல்லும். கிராபீன் என்ற ஒற்றை அணுத் தடிமன் கார்பன் படலத்தில் ஆன்டிபாடியை ஒட்டி, கொரோனா வைரஸ் வந்து உட்காரும்போது மின்னோட்டம் மாறுவதைத் தென்கொரிய ஆராய்ச்சியாளர்கள் 2020ல் காட்டினார்கள். சில நானோமீட்டர் அகலமுள்ள துளை வழியாக மரபணு இழையை நுழைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கும் கையடக்கக் கருவியைக் கொண்டுபோய், 2015ல் கினியா நாட்டிலேயே எபோலா வைரஸை வரிசைப்படுத்தினார்கள். இதெல்லாம் எனக்கும் உற்சாகம் தரும் விஷயங்கள். ஆனால் ரத்தத்தில் இல்லாத ஒன்றையும், ஆன்டிபாடிக்குள் மூடிக்கிடக்கும் ஒன்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் நூறு மடங்கு நுட்பமான சென்சாரும் "இல்லை" என்றுதான் சொல்லும். எந்த நாளில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் இதை நாம் ஒருமுறை படித்தோம். 2020 ஜூனில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வைரஸ் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் கார்டை அனுமதித்தபோதே, அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். செய்தே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் அனுமதித்தது. டெங்குவுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல் கார்டை நம்பச் சொல்லவில்லை. முதல் ஐந்து நாளுக்குள் எலைசா என்ற லேப் பரிசோதனை முறையில் என்.எஸ்.1, அதற்குப் பிறகு எலைசாவில் ஐ.ஜி.எம்., அதாவது புதுத் தொற்றுக்கு உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி. இதுதான் முறை. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரிக்கும் ஐ.ஜி.எம். கிட் அரசு மருத்துவக் கல்லூரி லேப்களுக்கு வருகிறது, அங்கே காசு கொடுக்காமலே இந்த டெஸ்ட் செய்துகொள்ளலாம்.

அப்புறம், கார்டைக் கெடுக்கும் வழிகள். மே மாத வெயிலில் டூவீலர் பெட்டிக்குள் கிட்டை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது. பெரும்பாலான கிட்டின் உறையில் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆன்டிபாடி ஒரு புரதம், வெந்துவிடும். முகாமில் வேகமாக முடிக்கலாம் என்று காலையிலேயே ஐம்பது உறைகளைக் கிழித்து மேஜையில் பரப்பி வைப்பதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எதற்குப் போட்டிருக்கிறார்கள்? ஈரம் படக் கூடாது என்றுதானே? இப்படிச் செய்யாதீர்கள்.

"கன்ட்ரோல் கோடு வந்துவிட்டதே மேடம், அப்போ கார்டு சரிதானே?" என்று டெக்னீஷியன்களே கேட்கிறார்கள். ரத்தமே விடாமல் கிட்டோடு வரும் பஃபர் திரவத்தை மட்டும் விட்டாலும் கன்ட்ரோல் கோடு வரும். திரவம் ஓடியது, தங்கத் துகள் கரைந்து நகர்ந்தது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் போதுமான ரத்தம் விட்டீர்களா, சரியான நாளில் விட்டீர்களா என்பது அதற்குத் தெரியாது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து, இருபது நிமிடம் என்று உறையில் போட்டிருந்தால் அந்த நேரத்தில்தான் படிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் குப்பையில் போடுவதும் தவறு, இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் ஒரு சாம்பல் நிறத் தழும்பைப் பார்த்துப் பதறுவதும் தவறு. ஆனால் சரியான நேரத்துக்குள் வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அதை நெகட்டிவ் என்று தள்ளாதீர்கள். "லைட்டாத்தான் இருக்கு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். கோடு மங்கல் என்றால் நோய் லேசு என்று அர்த்தமே இல்லை.

கர்ப்பக் கார்டிலும் இதே கதை என்பதால் பெண்களுக்கு இரண்டு வார்த்தை. மங்கலான இரண்டாவது கோட்டைப் பார்த்துவிட்டு "இல்லை போலிருக்கு" என்று மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. தயவுசெய்து இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள், அல்லது ரத்தத்தில் பாருங்கள். கோடு வந்தால் கர்ப்ப ஹார்மோன் இருக்கிறது என்றுதான் கார்டு சொல்லும், கரு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. கருக்குழாயில் தங்கினாலும் அதே இரண்டு கோடுதான். ஒரு பக்க வயிற்று வலி, மயக்கம், ரத்தப்போக்கு இருந்தால் கார்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். முத்துப்பிள்ளை கர்ப்பத்தில் (கரு சரியாக வளராமல் நஞ்சுத் திசு மட்டும் கொத்துக்கொத்தாகப் பெருகும் நிலை) அந்த ஹார்மோன் அளவுக்கு மீறிப் போய், கார்டின் ஆன்டிபாடி அத்தனையும் மூழ்கி, கோடே வராமல் போவதும் உண்டு.

இன்னொன்று, இப்போது புதிதாக வரும் தொல்லை. ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று ஆன்லைனில் விற்கிறார்கள், விளம்பரத்தில் நானோ சென்சார் என்றும் போட்டுக்கொள்கிறார்கள். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க கையில் ஒட்டிக்கொள்ளும் சி.ஜி.எம். வேறு, அதன் மெல்லிய இழை தோலுக்குள் இருக்கிறது, டாக்டர் சொல்லி அதைப் போட்டுக்கொள்ளலாம். வாட்ச் காட்டிய எண்ணை நம்பி இன்சுலின் யூனிட்டை மாற்றாதீர்கள். இரவில் சர்க்கரை தாழ்ந்து எழுந்திருக்காமலே போய்விடவும் கூடும்.

சரி, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்லோஃபெனாக் மாத்திரையும் வேண்டாம், இடுப்பில் ஊசியும் வேண்டாம். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். தாராளமாகக் கொடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ரத்த எண்ணிக்கை பாருங்கள், அதில் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல் பி.சி.வி. ஏறுகிறதா என்றும் பாருங்கள். ரத்தம் கெட்டியாகிறது என்பதை அந்த எண்தான் முதலில் சொல்லும். பப்பாளி இலைச்சாறு கொடுத்துவிட்டோம் என்று இதை விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல் விட்ட நாளில் நிம்மதியாகத் தூங்காதீர்கள், அம்மாமார்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். டெங்குவில் அந்த ஒன்று இரண்டு நாள்தான் கண்டம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பாக மலம், எழுப்பினாலும் எழாத சோர்வு, ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. கார்டில் எத்தனை கோடு என்று அப்போது யாரும் கேட்க வேண்டாம்.

அந்தப் பையனின் எலைசா ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்தது. ஐ.ஜி.எம். லேசாகப் பாசிட்டிவ், ஏற்கெனவே பழகிய தொற்றில் வேகமாகப் பெருகும் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி மிக அதிகம். அதனால் அவனுக்கு இது இரண்டாவது டெங்கு. அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் படுத்திருந்தான், அப்போது டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை என்றார். அந்தச் சின்ன லேப் கொடுத்த தாளை மறுபடி வாங்கிப் பார்த்தேன். "டெங்கு: நெகட்டிவ்" என்று இரண்டே சொல். அது என்.எஸ்.1 கார்டு என்பதும் இல்லை, காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதும் இல்லை. லேப் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, நாளைக் காலையில் உங்கள் ரிப்போர்ட் படிவத்தில் இந்த இரண்டு வரியைச் சேர்த்துவிடுங்கள்.