எஃகின் மேல் ஒளியைத் திருப்பும் உளி

உயர்ந்த ரக இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரே ஒரு விளக்கைப் போட்டுக் காட்டுகிறார்கள். அதன் செதுக்கு வேலையைக் கொல்ல இதைவிடச் சிறந்த வழி கிடையாது. துப்பாக்கி கையில் இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் அதை மெல்லச் சாய்த்தால், கருப்பாகத் தெரிந்த கோடு பளிச்சென்று வெளுக்கும்; அதைச் சுற்றி வெளுத்திருந்த எஃகுத் தரை இருண்டுபோகும். வேட்டையில் துளியும் ஆர்வம் இல்லாதவரும் அந்த நிமிடத்தில் நின்று பார்ப்பார்.

மெருகேற்றிய எஃகுத் தரை, தன் மேல் விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. அதில் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் வெட்டினால், அதன் இரண்டு சரிவுகளும் ஒளியை வேறு இரண்டு திசைகளில் வீசும். நம் கண்ணுக்குத் தரையின் ஒளி வந்து சேரும்போது சரிவுகளின் ஒளி வேறெங்கோ போய்விடுவதால் கோடு கருப்பாகத் தெரிகிறது. கோணம் மாறினால் இது தலைகீழாகும். சிலர் முடிவில் கருமையைத் தேய்த்துப் பள்ளங்களை நிரப்புவதுண்டு. ஆனாலும் படத்தின் உயிர், சரிவுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

அந்தச் சரிவுகளை உருவாக்கும் கருவி பார்வைக்கு ஒன்றுமில்லை. விரல் நீளமுள்ள மெல்லிய எஃகு அல்லது டங்ஸ்டன் கார்பைடு கம்பி, அவ்வளவுதான். சூட்சுமம் நுனியைச் சாணை பிடிப்பதில் இருக்கிறது. முகத்தைச் சுமார் 45 டிகிரியில் தீட்டுகிறார்கள். நுனியின் அடியில் 15 முதல் 20 டிகிரி வரை சாய்ந்த ஒரு சிறிய பட்டையையும், அதாவது குதியையும், தீட்டுகிறார்கள். இந்தக் குதி இல்லாவிட்டால் உளி எஃகுக்குள் இறங்கிக்கொண்டே போகும், மேலே ஏறி வராது. குதி நீளமாக இருந்தால் வளைவு வெட்டும்போது அதன் பின்பகுதி பள்ளத்தின் வெளிக்கரையை உரசிக் கெடுக்கும். சின்னச் சுருள்களை வெட்டுபவர்கள் குதியை மிகக் குட்டையாக வைத்துக்கொள்வது அதனால்தான்.

நுனியின் இரு பக்கங்களும் 90 டிகிரியில் சந்தித்தால், வெட்டின் அகலம் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். 120 டிகிரி என்றால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. மயிரிழை அளவு கூடுதலாக அழுத்தினாலே கோடு கண்ணுக்குத் தெரியும்படி தடித்துவிடும் என்பது இதன் பொருள். உளியைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஒரு சரிவு செங்குத்தாகவும் மற்றது அகன்றும் அமையும். அந்த அகன்ற சரிவு மொத்த ஒளியையும் வாங்கிக்கொள்ளும். ஊசி முனையாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து மறையும் இலை நரம்பு இப்படித்தான் பிறக்கிறது. வளைவில் பெரும்பாலும் உளி திரும்புவதில்லை. சுழலும் பிடியில் பொருத்திய எஃகுத் துண்டைத்தான் திருப்புகிறார்கள். சிறு சுத்தியலால் தட்டித் தட்டி உளியை நகர்த்தும் பழைய முறையில், செதுக்குபவரே பிடியைச் சுற்றி நடப்பதும் உண்டு.

எஃகு இதற்கு இடம் கொடுக்க வேண்டும். குழல்கள் வந்து பூட்டிக்கொள்ளும் நடு உடலைக் குறைந்த கார்பன் கொண்ட மென்மையான எஃகில் செய்து, அந்த மென்மை இருக்கும்போதே செதுக்கி முடிக்கிறார்கள். பாரம்பரிய ஆங்கில முறையில் அதற்குப் பிறகுதான் நெருப்பு. எலும்புக் கரியும் மரக் கரியும் நிரப்பிய பெட்டியில் உடலைப் புதைத்து, 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். கார்பன் எஃகின் மேல்தோலுக்குள் ஊடுருவுகிறது. பிறகு தண்ணீரில் சட்டென்று தோய்த்தால் தோல் கடினமாகிவிடும். உள்ளே மென்மையும் உறுதியும் அப்படியே இருக்கும். மேலே படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம், இடத்துக்கு இடம் தடிமன் மாறுவதால் நீலம், பழுப்பு, வைக்கோல் மஞ்சள் என்று மேகம் மேகமாக நிறம் காட்டும்.

1814இல் லண்டனில் தொடங்கிய பர்டி நிறுவனத்தின் துப்பாக்கிகளில் ரோஜாக் கொத்தும் நெருக்கமான சின்னச் சுருள்களும் நிறைந்த பாணி இந்த நிறங்களுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். சுருள்களின் வெட்டு தெளிவானது. நிறத்துக்கு அடியிலும் தெரியும், நிறம் தேய்ந்த பிறகும் நிற்கும். என்னைக் கேட்டால், துப்பாக்கிச் செதுக்கலில் மிகவும் புத்திசாலித்தனமான பாணி இதுதான். கீறலையும் தேய்மானத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் உள்வாங்கிக்கொள்ளும். ஒரு திருகை உற்றுப் பாருங்கள்: சுருள் உடலிலிருந்து திருகுத் தலையின் மேல் ஏறி மறுபுறம் இறங்கும். அந்தத் திருகு இனி வேறெந்தத் துளைக்கும் பொருந்தாது.

இத்தாலியின் பிரெஷா மாகாணத்தில் இருக்கும் கார்தோனே வால் ட்ரோம்பியா நேர் எதிர்த் திசையில் போனது. 1526இல் வெனிஸ் ஆயுதச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்களை பெரெட்டா குடும்பம் விற்றதற்கு ஆவணம் இருக்கும் பழைய ஊர் அது. அங்கே வளர்ந்த புலினோ முறையில் சுத்தியல் கிடையாது. உருப்பெருக்கியின் கீழ் உள்ளங்கை அழுத்தத்தாலேயே நுண்புள்ளிகளையும் இழைக்கோடுகளையும் இடுகிறார்கள். ஒரு சாண் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளிகளை நம் கண் பிரித்தறியாது. புள்ளிகள் ஒன்றாகக் கலந்து சாம்பல் நிறச் சாயலாகிவிடும். செய்தித்தாளில் அச்சாகும் புகைப்படம் நம்மை ஏமாற்றுவதும் இப்படித்தான். புள்ளிகளை நெருக்கினால் நிழல், விலக்கினால் வெளிச்சம். ஃபிர்மோ ஃப்ரகாஸி செதுக்கிய பறவைகளின் இறகும் நாய்களின் ரோமமும் இந்தக் கணக்கில் விளைந்தவை. இப்படி ஒரு காட்சிக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் போய்விடுவது சாதாரணம். பல நிற மேகம் படிந்தால் இந்த நுட்பம் மறைந்துவிடும் என்பதால், புலினோ வேலையை வழக்கமாக வெள்ளிச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆழம் மிகக் குறைவு என்பதால், கை படப்பட முதலில் கரைவதும் இதுதான்.

தங்கம் பதிப்பதில் இயற்பியல் எளிது. பள்ளம் வெட்டி, அதன் ஓரங்களை அடியில் உள்நோக்கிக் குடைந்து, தரையில் சின்னச் சின்னப் பிசிறுகளை எழுப்பி, தூய தங்கக் கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே அடித்து இறக்குகிறார்கள். தங்கம் நெகிழ்ந்து குடைவுக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். பசையோ பற்றவைப்போ வேண்டாம். தங்கம் உருக 1064 டிகிரி தேவை. ஆகவே அந்தக் கரிப் பெட்டிக்குள்ளும் போய்வரலாம். லண்டனில் ஹாரி கெல்லிடம் தொழில் கற்ற கென் ஹன்ட் போன்றவர்கள் இதை அளவோடு செய்தார்கள். அளவு தெரியாதவர்கள் செய்த துப்பாக்கிகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

லேசர் செதுக்கலை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். லேசர் உலோகத்தை உருக்கியும் ஆவியாக்கியும் அகற்றுகிறது. அடித்தளம் சொரசொரப்பாக இருக்கும், ஒளி நாலாபுறமும் சிதறும். சாய்த்துப் பார்த்தாலும் கோடு ஒரே மாதிரி மங்கலாகவே இருக்கும். கூரிய உளி வெட்டிய சரிவோ வழவழவென்று மின்னும். இயந்திரம் வெட்டிய பிறகு கையால் தொட்டு முடித்த வேலைகளும் இருக்கின்றன. அங்கே சுருள்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்க, மேலே சில கோடுகள் மட்டும் உயிரோடு மின்னும்.

தேய்ந்துபோன பழைய வேலையை மீட்பது புதிதாகச் செதுக்குவதைவிடக் கடினம். கடினமான தோலின் மேல் உளி வழுக்கும் அல்லது நுனி உடையும். அதனால் உடலை மறுபடி சூடாக்கி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்க வேண்டும். பழைய வெட்டின் அதே சாய்வில் உளியைத் தீட்டி, பள்ளத்துக்குள்ளேயே மீண்டும் ஓட்ட வேண்டும். பிறகு இரண்டாம் முறை கரிப் பெட்டிக்கும் தண்ணீருக்கும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தோய்ப்பிலும் எஃகு சற்றே கோணிக்கொள்ளக்கூடும். குழலுக்கும் உடலுக்கும் இடையே காற்றுகூடப் புகாதபடி பொருத்திய வேலை அதில் கெட்டுவிடலாம் என்பதால், அனுபவமுள்ள பட்டறைகள் பெரும்பாலும் தேய்ந்த செதுக்கலை அப்படியே விட்டுவிடும்படிதான் உரிமையாளரிடம் சொல்கின்றன.